ரஃபீக்கின் பெயரில் நான் அழித்தது

அழித்தவன் நான். ரஃபீக் அல்ல.

இதை அமெரிக்காவில், இர்விங் ஊரில், அந்த அலுவலகத்தில், இரண்டாயிரத்து எட்டிலேயே ஒரே ஒரு மனிதரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன், உங்களால் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்ற துணிச்சலில்... அந்தக் கோழைத்தனத்தையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்!

நாங்கள் எழுதும் நிரல்களையெல்லாம் கோத்து, வாடிக்கையாளருக்கு அனுப்பத் தயாராக்கித் தரும் பில்ட் சர்வர் ஒன்று இருந்தது. அதை நிறுவியவன் கீழக்கரை ரஃபீக். மற்ற ஆறு பேருக்கும் தனிக் கணக்கு கேட்டு வாங்கப் பொறுமையில்லை. அவன் கணக்கிலேயே எல்லோரும் நுழைவோம். "என் பாஸ்வேர்டு என் பொண்டாட்டிக்கே தெரியாது, உங்க ஆறு பேருக்கும் தெரியும்" என்று சிரிப்பான்.

யார், எப்போது, என்ன செய்தார் என்பதைச் சர்வரே குறித்துவைக்கும் ஆடிட் லாகை அமைக்கும் வேலை என்னிடம் வந்தது. எல்லோரும் ஒரே பெயரில் நுழையும் இடத்தில் அது வெறும் பொய்ச்சாட்சி. தெரியும்! தெரிந்தேதான் அமைத்தேன். பாராட்டும் வாங்கினேன். கணக்குகளை அடுத்த வாரம் பிரிக்கலாம்... அதற்கடுத்த வாரம்...

ஒரு மதியம், பழையதைக் களைகிறேன் என்று, மறுநாள் வெளியாக வேண்டிய பில்ட்டை, கோத்து முடித்த மென்பொருளையே, அடியோடு அழித்துவிட்டேன். நகல் கிடையாது. லாகில் பளிச்சென்று விழுந்தது ரஃபீக்கின் பெயர்.

அவன் என் மேசைக்கு வந்தான். யார் செய்தது என்றுகூடக் கேட்கவில்லை.

"அண்ணே, என் ஐடில நாம எல்லாருந்தான் போறோம்னு மேனேஜர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. லாக் செட் பண்ணவர் சொன்னா நம்புவாரு."

சொல்கிறேன் என்றேன்.

மேலாளர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. நீ அமைத்த லாக் தவறாகக் காட்டுமா?

காட்டாது என்றேன்.

என் கிரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் இருந்தது. அதுவா காரணம்? ஆமென்றால் உங்கள் முகம் சற்று இளகும். இளக வேண்டாம்! வேலை போனால் அவன் விசாவும் போகும் என்பது எனக்குத் தெரியாதா?

இரண்டும் போயின. மற்ற ஐவரும் கணினித் திரைக்குள் முகம் புதைத்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் வருகிறது... வெட்கங்கெட்ட கோபம்!

ரஃபீக்கிடம், சொல்லிப் பார்த்தேன், மேலாளர் கேட்கவில்லை என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது அந்த வாக்கியம்!

விமான நிலையத்துக்கு என் காரில்தான் போனார்கள். பின்னிருக்கையில் மனைவியும் மகளும். பள்ளி மறுபடி எப்போது என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே வந்தது.

பெட்டிகளை இறக்கியதும் ரஃபீக் என் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டான்.

"அத்தன பேர்ல நீங்க ஒருத்தராச்சும் எனக்காகப் பேசுனீங்கண்ணே. மறக்க மாட்டேன்."

தலையாட்டினேன்.

ஆம்... அதற்கும் தலையாட்டினேன்.