வாசல் சரிவை இடித்த வருடம்

தாம்பரத்துக்குக் கிழக்கே, ஏரியை ஒட்டிய புதிய நகரில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில். எங்கள் தெருவில் மொத்தமே பதினோரு வீடுகள். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்றால் ஏரிக்காற்றில் சட்டை உப்பும். அந்தக் காற்றுக்காகத்தான் மனைவி பிடிவாதம் பிடித்து அந்த மனையை வாங்க வைத்தாள்.

முதல் ஐப்பசியிலேயே வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். டிவியைப் பரண் மேல் ஏற்றிவிட்டு, மூன்று நாள் எதிர் மாடி வீட்டில் ஒண்டிக்கொண்டோம்.

அடுத்த வருடம் மழைக்கு முன்பே எங்கள் வார்டு கவுன்சிலர் வந்தார். மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை நடத்தும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்மணி, தெருவுக்கே அக்கா. ஸ்கூட்டர் ஏற்றுவதற்காக மழைநீர்க் கால்வாயை மூடி நான் கட்டியிருந்த சிமெண்ட் சரிவைக் காட்டினார்.

"தப்பா நினைக்காதீங்க சார். இதை எடுத்துடுங்க. மண்ணு அள்ள ஆள் வராங்க, இதுக்கு அடியில கை போவாது."

எனக்குச் சுருக்கென்றது. "மொதல்ல உங்க கடை வாசல்ல இருக்கிறத எடுங்கக்கா" என்றேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகும்போது பார்த்தேன். கடைக்கு முன்னாலிருந்த கிரானைட் படிகளை இரண்டு பேர் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய கணவர் உள்ளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லை ஓரம் தள்ளினார். அன்று ஆபீஸில் எனக்கு வேலையே ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே சம்மட்டி எடுத்தேன். பிறகு ஒவ்வொரு வீடாக இடித்தார்கள், சிலர் முணுமுணுத்துக்கொண்டே. மண் அள்ளக் கால்வாயில் இறங்கியவர் உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "இன்னா சார், ஒரு மெத்தையே கீது இங்க."

அந்த மழைக்குத் தண்ணீர் வாசற்படியோடு நின்றது. மதியத்துக்குள் தண்ணீர் வடிந்து தெரு தெரிந்தது. நனைந்த புடவையோடு அக்கா வந்து, "உள்ள வந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும் மனைவி அவரை உட்கார வைத்துச் சுக்குக் காபி கொடுத்தாள். இன்றைக்கும் மழை பெய்தால் அந்தக் காபி மணம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். வாசல் உடைபட்ட கோபம் பலருக்கு ஆறவேயில்லை. சில நாள் கழித்து ஆணி வாங்கக் கடைக்குப் போனேன். அவர் ஆணியைப் பொட்டலம் கட்டியபடி கேட்டார்:

"உங்க தெருவுல மண்ணு எடுத்துட்டாங்களா சார்?"