மைக்கை அணைக்காத ஹலோ

அந்தத் தெருவில் அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. ஹலோ என்றால்தான் தெரியும். கல்யாணமோ கடைத் திறப்போ, எங்கே போனாலும் ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கி, வயரை இழுத்துப் பூட்டி, மைக்கை வாயருகே கொண்டுபோய் அவன் சொல்கிற ஒரே வார்த்தை அதுதான். ஹலோ, ஹலோ. பிறகு மைக்கை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொள்வான். இத்தனை வருஷத் தொழிலில் அந்த மைக்கில் அவன் வேறு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் வீட்டுக்காரியையும் ஹலோ வீட்டம்மா என்றே கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் சண்டைக்குப் போனாள், பிறகு கேட்டால் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள்.

ஹலோவுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. யார் பேசிக்கொண்டிருந்தாலும் நடுவில் மைக்கை அணைக்க மாட்டான். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமா நன்றாகக் குடித்துவிட்டு மேடையேறிப் பழைய குடும்பச் சண்டையைக் கிளறியிருக்கிறார். பெண் வீட்டார் கீழே நின்று அணை, அணை என்று கை ஜாடை காட்டினார்கள். ஹலோ ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேட்டால், நான் சத்தம் கொடுக்கிறவன், என்ன பேசணும்னு சொல்றவன் இல்லை என்பான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும்தான். இருந்துவிட்டுப் போகட்டும். நிமிர்ந்து நடக்க மனுஷனுக்கு ஏதாவது ஒன்று வேண்டாமா?

அவனுக்கு ஒரு அக்கா. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, அடித்து, அணைத்து ஆளாக்கியது அவள்தான். அவன் முதல் செட்டை வாங்கியபோது வண்டி கிடையாது. அக்கா தலையில் கூம்பு ஸ்பீக்கரைக் கவிழ்த்துக்கொண்டு முன்னால் நடப்பாள், இவன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போவான். தெருவில் பிள்ளைகள் சிரித்தால் அவள் நின்று முறைப்பாள். அந்த முறைப்புக்கு நாய்கூட வழிவிடும். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. விரிப்பு, போர்வை, டாக்டர் அங்கி எல்லாம் அவள் கையால்தான் வெளுக்க வேண்டும். கொதிநீர் ஆவியில் நின்று நின்று அவள் விரல் நுனிகள் எப்போதும் ஊறிப்போய்ச் சுருங்கியிருக்கும். கட்டிக்கொண்டவன் பாதியிலேயே கண்ணை மூடிவிட்டான், பிள்ளை குட்டி இல்லை. தம்பி வீட்டு மாடியில்தான் இருந்தாள்.

நோய் வந்தது. கடைகளை மூடச் சொன்னார்கள், நாலு பேர் கூடக் கூடாது என்றார்கள். கல்யாணங்கள் வாசற்படிக்குள் சத்தமில்லாமல் முடிந்தன. ஹலோவின் பெட்டிகள் எல்லாம் முன்னறையில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. அதன் மேல் துணி மடித்து வைக்கிற இடமாகவே ஆக்கிவிட்டாள் அவன் வீட்டுக்காரி. அக்காவோ முன்பைவிட அதிகமாக வேலைக்குப் போனாள். திரும்பி வந்தால் வெளிப்பக்கப் படிக்கட்டு வழியாகத்தான் மாடிக்கு ஏறுவாள், வீட்டுக்குள் கால் வைக்க மாட்டாள். குளித்து முடித்து மேல்படியில் உட்காருவாள், ஹலோ கீழ்ப்படியில் உட்காருவான். அந்த இடைவெளியில் கத்திக் கத்தியே தினமும் கதை பேசிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எல்லாக் கதையும் தெரிந்துபோயிற்று.

இப்படி இருக்கையில்தான் கடைத்தெருக்காரர்கள் போராட்டம் என்று கிளம்பினார்கள். கட்டில் கடைக்காரர்தான் தலைமை. நல்ல மனுஷர், தவணையில் கட்டில் கொடுத்துவிட்டுக் கேட்கவே கூச்சப்படுகிறவர். மூடின ஷட்டருக்குள் அவருடைய கட்டில்கள் தூசி படிந்து நின்றன. அவரே வந்து ஹலோவிடம் செட்டு கேட்டார். பல மாசம் கழித்து ஒருவர் வாசலில் வந்து செட்டு வேண்டும் என்றால், எதற்கு என்று எவன் கேட்பான்? போர்வையை உருவிப்போட்டுவிட்டு வண்டியில் ஏற்றினான்.

காலை வேளையில் கடைத்தெரு முக்கில் கூட்டம் கூடியது. தையல்காரர் வந்தார், முடி வெட்டுகிறவர் வந்தார், அவரைப் பார்த்ததும் இத்தனை நாள் வெட்டாத தலைகள் எல்லாம் அவரையே சுற்றி நின்றன. மேல்மாடி ஜன்னல்களில் சிலர் கை தட்டினார்கள். மருந்துக் கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிக்கொண்டு, கூட்டம் போட்டால் கடை திறக்குமா, ஆஸ்பத்திரிதான் திறக்கும் என்று உள்ளிருந்தே முணுமுணுத்தார். மூன்றாம் மாடிக் கிழவர் ஒருவர் ஒரு வாளித் தண்ணீரைக் காட்டி, கலையாவிட்டால் கழுவி விடுவேன் என்றார். கீழே இருந்தவர்கள், சோப்பும் சேர்த்துப் போடுங்க தாத்தா என்றார்கள். பசியும் நியாயம், பயமும் நியாயம். இரண்டில் ஒன்றைத்தான் நியாயம் என்று ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது நடக்காத காரியம்.

கட்டில் கடைக்காரர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். வாடகை, வட்டி, வேலையாட்கள் எல்லாம் சொன்னார். கை தட்டல் ஏற ஏற அவர் நாக்கும் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டில்கள் எல்லாம் காலியாகக் கிடக்கின்றன என்றார். அங்கே வேலை பார்க்கிறவர்கள் சம்பளத்துக்காக ஊரைப் பயமுறுத்துகிறார்கள் என்றார். அடுத்த மூச்சிலேயே, நோயை நம் தெருவுக்குக் கொண்டுவருவதும் அவர்கள்தான் என்றார். காலியாகக் கிடக்கிற இடத்திலிருந்து எதைக் கொண்டுவருவார்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஹலோவின் கை சுவிட்சின் மேல்தான் இருந்தது. ஆகாயத்தைப் பார்த்தான். இரவு வேலை முடிந்து மாடியில் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த அக்காவை அவனுடைய பெட்டிகளே போய் எழுப்பின. ஒரு வார்த்தை விடாமல் எழுப்பின.

மறுநாளிலிருந்து ஊரே இரண்டு பட்டது. கறிகாய்க்காரர் ஹலோவின் தோளைத் தட்டி, கலக்கிட்டே என்றார். பால் கடைக்காரர், நோய்க்கு மைக் பிடிச்சவன்தானே நீ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பேசவே இல்லையே என்று இவன் இருவரிடமும் சொல்லிப் பார்த்தான். ஒருவரும் கேட்பதாக இல்லை. அதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாத விஷயம் குழாயடியில் நடந்தது, வீட்டுக்காரி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அக்கா வாளியோடு வந்ததும் பக்கத்து வீட்டம்மா தன் குடத்தைச் சட்டென்று தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மளிகைக் கடைக்காரர் அக்காவின் சாமானை ஒரு குச்சியால் தள்ளி விட்டார். நேற்றுவரை மனதுக்குள் இருந்ததற்கு ஹலோவின் பெட்டி அனுமதி கொடுத்துவிட்டது. அக்கா சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, தம்பியிடமும் சொல்லவில்லை. அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஹலோ கீழ்ப்படியில் உட்கார்ந்து, சாப்பிட்டியா அக்கா என்று கத்துவான். மேலே கதவு சாத்துகிற சத்தம்தான் வரும். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"உங்க அக்கா கோபத்துல நியாயம் இருக்கு" என்றாள் வீட்டுக்காரி.

"நான் என்ன பண்ணேன்? யார் பேச்சையும் நான் வெட்டினதில்லையே."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீங்க ஒண்ணுமே பண்ணல."

அடுத்த வாரம் மறுபடி கூட்டம். செட்டுக்கு முன்பே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு ஹலோ தயங்கித் தயங்கிக் கட்டில் கடைக்காரரிடம் போனான். ஆஸ்பத்திரிக்காரர்களைப் பற்றி மட்டும் இந்தத் தடவை வேண்டாமே என்று கெஞ்சினான்.

"உன் அக்காவையா சொன்னேன்? பொதுவாத்தானேப்பா சொன்னேன்" என்றார் அவர்.

பொதுவாகவே மறுபடியும் தொடங்கினார். நோய் என்று ஒன்று கிடையாது, எல்லாம் கட்டுக்கதை என்று அவர் சொல்ல, ஆமாம் ஆமாம் என்று கூட்டம் முழங்கியது. அந்த நேரம் பார்த்து இரவு வேலை முடித்துவிட்டு அக்கா அந்த வழியாக வந்தாள். தோளில் துணிப்பை, கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை, முகத்தில் கட்டின துணிக்கு மேலே தூக்கம் கெட்டுச் சிவந்த கண்கள். வீட்டுக்குப் போக வேறு வழி இல்லை. அவளைப் பார்த்ததும், நோயே கிடையாது என்று முழங்கிக்கொண்டிருந்த அந்தக் கூட்டம் அப்படியே இரண்டாகப் பிளந்து விலகியது. ஒரு வேன் போகிற அகலத்துக்கு வழி விட்டார்கள். தையல்காரர் பின்னால் இருந்தவர் காலை மிதித்துவிட்டார்.

அக்கா அந்த வழியின் நடுவில் நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். வீட்டுப் பக்கம் போகவில்லை. நேராக ஹலோவின் மேசைக்கு வந்து, ஓர் ஆள் தூரத்தில் நின்றுகொண்டு கையை நீட்டினாள். ஹலோ வயர் இல்லாத இன்னொரு மைக்கை எடுத்து மேசை விளிம்பில் வைத்தான். அவள் எடுத்துக்கொண்டாள்.

"ஹலோ, என்னப்பா இது? செட்டு நாங்க எடுத்தது. அணை" என்றார் கட்டில் கடைக்காரர்.

ஹலோ ஆகாயத்தைப் பார்த்தான்.

"கடையைத் திறக்கணும்னு கேளுங்க" என்றாள் அக்கா. "நல்லாவே கேளுங்க. என் தம்பி பெட்டியும் மாசக்கணக்கா தூங்குது. ஆனா கட்டில் எல்லாம் காலின்னு சொன்னாங்க. அந்த விரிப்பெல்லாம் துவைக்கிறவ நான். காலிக் கட்டில் விரிப்பை யாரும் அழுக்காக்கிப் போட மாட்டாங்க. வழி விட்டதுக்குச் சந்தோஷம். இவ்வளவு வேணாம், நான் அவ்வளவு குண்டு இல்ல."

எங்கோ ஒருவர் சிரித்தார். அது பரவியது. மேல்மாடிக் கிழவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறார்கள் என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. கட்டில் கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நியாயமாக அங்கே முடிந்திருக்க வேண்டும். அக்கா மைக்கைக் கொடுக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு அவர் பேசினப்ப உன் கை எங்கடா இருந்துச்சு?"

அவள் சாதாரணக் குரலில்தான் கேட்டாள். ஆனால் கேள்வி இரண்டு பெட்டி வழியாகவும் தெருக்கோடி வரைக்கும் போயிற்று.

"சுவிட்ச் மேலதான் இருந்துச்சு" என்றான் ஹலோ.

"அணைச்சியா?"

"யார் பேச்சையும் நான் அணைச்சதில்ல அக்கா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அணைக்கச் சொல்லல. அவர் பேசட்டும், அவர் வயிறு எரியுது, பேசுறார். முடிச்சாரே, அப்புறம் மைக் யார் கைக்கு வந்துச்சு? உன் கைக்குத்தானே? என் அக்கா அங்கதான் வேலை பாக்குறான்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் தேஞ்சிடுமா? கூம்பைத் தலையில கவுத்துக்கிட்டு எத்தனை தெரு நடந்திருப்பேன். ஒரு வார்த்தைடா."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அது பெட்டியில் கேட்டபோது ஹலோவால் பொறுக்க முடியவில்லை. தன் அக்கா அழுவதை ஊர் கேட்க வேண்டாம் என்று சட்டென்று சுவிட்சை அணைத்துவிட்டான். தெரு கப்பென்று அடங்கியது. அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது, முதல் தடவையாக ஒருவர் பேசும்போது அணைத்திருக்கிறான்.

"ஏன்டா அணைச்ச?"

"எல்லாருக்கும் கேக்குதுக்கா."

"கேக்கட்டும்னுதானே கையில வச்சிருக்கேன்? மைக்ல சிவப்பு விளக்கு எரிஞ்சது எனக்குத் தெரியாதா? போடு."

போட்டான். அக்கா பையிலிருந்து ஒரு வெளுத்த துண்டை எடுத்து மைக்கை நன்றாகத் துடைத்து, மேசையில் வைத்து, இரண்டடி பின்னால் போனாள்.

"இப்பச் சொல்லு" என்றாள்.

கூட்டம் முழுக்க அவனையே பார்த்தது. கட்டில் கடைக்காரரும் பார்த்தார். அவர் முகத்தில் இப்போது கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. ஹலோ மைக்கை எடுத்தான். அடுத்தவர்களுக்காக எத்தனையோ ஆயிரம் தடவை எடுத்துக் கொடுத்த பொருள்தான், இன்றைக்கு யாரிடமும் கொடுக்கவில்லை. தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல் ஊர் பூராவும் கேட்டது.

"இவங்க என் அக்கா" என்றான். "ஆஸ்பத்திரியில வேலை பாக்குறாங்க. இவங்க வாளி வச்ச குழாயில தண்ணி பிடிக்கப் பயமா இருக்கிறவங்க அதை என்கிட்ட வந்து சொல்லுங்க. நான் இவங்க தம்பி."

சொன்னதே போதாது என்று தோன்றியது. பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு மறுபடி, என் அக்கா என்றான். உடனே பெட்டி கீச்சென்று ஊளையிட்டது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"பெட்டிகிட்ட போகாதடா" என்று அக்கா அங்கிருந்தே கத்தினாள். "இத்தனை வருஷம் என்ன தொழில் பண்ணினியோ. தள்ளி வந்து பேசு. காலையில சாப்பிட்டியா இல்லையா?"

ஹலோ ஓரடி தள்ளி வந்து, இல்லை என்று மைக்கிலேயே பதில் சொன்னான்.