வெளிக்கிட்டுத் திரும்பும் ஆழ்வாப்பிள்ளை

எங்கள் மீசாலையில் ஆழ்வாப்பிள்ளை என்றொரு மனிதன் இருக்கிறான். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எனக்கும் அவனுக்கும் ஒரே வேலி. அந்த வேலியில் ஓட்டை இருப்பதால் அவனுடைய வாழ்க்கை முழுவதும் எனக்குத் தெரியும். எழுதுவதற்கு அதில் அதிகம் இல்லை. வீட்டை விட்டு வெளிக்கிட்டான், திரும்பினான். அவ்வளவுதான்.

வாலிபத்தில் கொழும்பிலே ஒரு கந்தோர் வேலைக்கு நேர்முகம் வந்தது. வேலிப் படலையைத் திறக்க, பூனை குறுக்கே போயிற்று. திரும்பிவிட்டான். பிறகு கனடாவுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் வரச் சொன்ன நாளில் ஒருவன் விறகுக்கட்டோடு எதிரே வந்தான். அன்றைக்கும் திரும்பிவிட்டான். கூடப் போகவிருந்தவன் இன்றைக்கு ஸ்காபரோவில் இரண்டு வீட்டுக்குச் சொந்தக்காரன். இவன் சங்கக்கடையில் சீனி நிறுத்தான். பூனைக்கும் விறகுக்காரனுக்கும் ஆளுக்கொரு வேலை இருந்தது, அவர்கள் போய்விட்டார்கள்.

அவனுக்குப் பெரிய சகுனப்பிழை எதுவென்றால், வெளிக்கிடும்போது யாராவது “எங்கை போறியள்?” என்று கேட்பது. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்கக்கூடாதுதான். மரியாதை தெரிந்தவர்கள் “தூரமோ?” என்று கேட்பார்கள். ஆனாலும் யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் நாங்கள் மனதுக்குள் நாலு திட்டுத் திட்டிவிட்டு நடையைக் கட்டுவோம். ஆழ்வாப்பிள்ளை அப்படியில்லை. வீட்டுக்குத் திரும்பி, கதிரையில் குந்தி, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, பஞ்சாங்கத்தைப் பார்த்து, பிறகுதான் மறுபடி கால் எடுத்து வைப்பான். அதற்குள் போகவேண்டிய காரியம் போய்விட்டிருக்கும்.

தன் காரியத்தைக் கெடுத்ததோடு நின்றானா, மடையன்? போன வருடம் மகளுடையதையும் கெடுத்தான். சாருஜா ஒரே பிள்ளை, கெட்டிக்காரி. தாதியர் பயிற்சிக்குக் கொழும்பில் பின்னேர நேர்முகம் வந்தது. விடியற்காலையில் தகப்பனும் மகளும் பஸ் எடுக்கச் சந்திக்கு வந்தார்கள். பெட்டி தகப்பன் கையில். மீன் கூடையோடு வந்த லூர்த்தம்மா, பாவம், அன்பாகத்தான் கேட்டாள்.

“எங்கை ஐயா, மகளோடை விடியவே வெளிக்கிட்டிட்டியள்?”

அவ்வளவுதான். பெட்டியோடு திரும்பினான். “அப்பா, பஸ் வருது! சேட்டிபிக்கற் எல்லாம் பெட்டிக்கை கிடக்கு!” என்று பிள்ளை குழறிக்கொண்டு பின்னால் ஓடினாள். அவன் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது நேர்முகம் முடிந்துவிட்டது. அன்றிரவு வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது, சாருஜா சொன்னது.

“வெளிக்கிட்ட ஒரு காரியத்தையெண்டாலும் திரும்பாமல் முடிச்சுப்போட்டு வாங்கோ. பிறகு என்னோடை கதையுங்கோ.”

அதன்பிறகு அவள் தகப்பனோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சோற்றுக் கோப்பையை மேசையில் டக்கென்று வைப்பாள், போவாள். சரியான தண்டனை என்றுதான் நான் நினைத்தேன்.

வீடு இந்தச் சீத்துவத்தில் கிடக்க, தைப்பொங்கல் முடிந்த கையோடு அவன் என்னிடம் வந்தான். நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவன். எங்கள் விளையாட்டுக் கழகத்துப் புத்தாண்டு விழாவில் மரதன் ஓட்டத்துக்கு நான்தான் நடுவர்.

“மாஸ்ரர், இந்த முறை முதியோர் மரதன் நானும் ஓடப்போறன்.”

“எங்கை, உம்மடை கிணத்தைச் சுத்தியோ?”

“பகிடி விடாதேங்கோ. பிள்ளை என்னோடை கதைக்கிறாளில்லை. இதையெண்டாலும் முடிச்சுக் காட்டவேணும்.”

முடிக்கிற மூஞ்சியைப் பார் என்று நினைத்தேன். எங்கள் மரதன் உண்மையான மரதனில் கால்வாசியும் வராது. மைதானத்திலிருந்து சந்திக்கு வந்து, ஏ-ஒன்பது வீதியில் ஏறி, சாவகச்சேரியைத் தாண்டி நுணாவிலில் திரும்பி வரவேண்டும். “திரும்பி வாற பகுதியிலை உம்மை வெல்ல ஆளில்லை, ஆழ்வார். போற பகுதியை மட்டும் பழகும்” என்றேன். அந்த விசரன் அதைப் புத்திமதி என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினான்.

ஐயோ, அவன் பழகின பழக்கம்! தம்பிமுறையான ஒருவன் கனடாவிலிருந்து அனுப்பிய சப்பாத்து இவனுக்குப் பெரிது. முன்னுக்குப் பேப்பரைச் சுருட்டி அடைத்துக்கொண்டு ஓடினான். விடிய முட்டைக்கோப்பி, பகலில் குரக்கன் பிட்டு, இரவில் காலுக்கு நல்லெண்ணெய். மனைவி குணலட்சுமி எண்ணெய்ப் போத்தலை ஒளித்துவைக்கத் தொடங்கினாள். சனி, திங்களில் கிழக்கே சூலம் என்று கொடிகாமம் பக்கம் தலைவைக்கமாட்டான். திங்களில் ராகுகாலமும் முடியும்வரை சப்பாத்தைக் கட்டிக்கொண்டு படலையடியில் நிற்பான். அதற்குள் வெயில் ஏறிவிடும்.

ஊர்ச்சனம் சும்மா விடுமா? அரைக்காற்சட்டையோடு ஒரு கிழவன் ஓடினால் கேட்கத்தானே செய்வார்கள். “எங்கை ஐயா போறியள்?” என்பான் பால்காரன். திரும்புவான். “எங்கை அண்ணை இந்த ஓட்டம்?” என்பான் முன்வீட்டுக் கந்தப்பு. திரும்புவான். சாண் ஏற முழம் சறுக்கும் கதைதான். சந்தியைத் தாண்டி அவன் ஓடிய நாட்களை விட, சந்தியோடு திரும்பித் தண்ணீர் குடித்த நாட்களே அதிகம். சாருஜா தான் வேலை செய்யும் தொலைபேசிக் கொமினிகேஷன் கடைக்குச் சைக்கிளில் போகும்போது எதிரே இவன் திரும்பி வருவான். அவள் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதிப்பாள். நாய் வாலை நிமிர்த்தலாம், இவனை நிமிர்த்த முடியாது என்று நான் கழகத்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறென்றால் மேற்கே சூலம். ஓட வேண்டியதும் மேற்கேதான். இந்த அழகில், பரிகாரமாக ஒரு துண்டுச் சர்க்கரையை வாயில் அதக்கிக்கொண்டு வந்து நின்றான். நான் விசிலை ஊதினேன். கிழடுகள் எல்லாம் பறந்துவிட்டன. இவன் மட்டும் கடைசி. கடைசி ஆளுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போவது நடுவருடைய வேலை. என் தலைவிதி, அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு ஊர்ந்தேன்.

சந்திக்கு வந்தோம். பஸ் நிற்கிற இடத்தில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், சாருஜா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிட்ட வரட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, தெளிவாகக் கேட்டாள்.

“எங்கை போறியள், அப்பா?”

ஒரு வருடத்துக்குப் பிறகு மகள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி! வேண்டுமென்றுதான் கேட்டாள். பழிக்குக் கேட்டாளோ, சோதிக்கக் கேட்டாளோ, எனக்குத் தெரியாது. ஆழ்வாப்பிள்ளை நின்றான். சப்பாத்து ஊர்ப்பக்கம் திரும்பியே விட்டது. சரி, செம்புத் தண்ணீர்தான், நானும் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணீர் குடிக்கலாம் என்று சிரித்தேன். அவன் மகளின் முகத்தைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. வாயில் இருந்த சர்க்கரையை விழுங்கினான்.

“நுணாவிலுக்குப் பிள்ளை. போயிட்டு வாறன்.”

“அப்ப கெதியாப் போங்கோ. எல்லாரும் போயிட்டினம்.”

போனான். அதை ஓட்டம் என்று சொன்னால் எனக்குப் படிப்பித்த வாத்திமார் எழும்பி வந்து அடிப்பார்கள். சாவகச்சேரிச் சந்தையடியில் ஒரு பூனை குறுக்கே ஓடியது. நான் ஆவலோடு பார்த்தேன். அவன் அதற்கு வழிவிட்டு ஓடினான். நுணாவிலில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். உச்சி வெயிலில் தார் கொதித்தது. “ஸ்கூட்டரிலை ஏறும், செத்துப்போவீர்” என்றேன். சப்பாத்தை ஆட்டிக்கொண்டு ஓடினான், திமிர் பிடித்தவன்.

மைதானத்துக்கு வந்தபோது பரிசளிப்பு முடிந்து, கதிரைகளைப் பெடியள் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டுக் கயிறும் இல்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே நொண்டி நொண்டி வந்து நின்றான். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

“மாஸ்ரர், விசில்?”

போட்டி எப்போதோ முடிந்துவிட்டது, கழுதை. இருந்தாலும் ஊதினேன். கதிரை தூக்கிய பெடியன் ஒருவன் பயந்து திரும்பிப் பார்த்தான்.

சாருஜா மைதானத்து வேலியோரத்திலிருந்து வந்து, தகப்பனின் செருப்பைக் காலடியில் வைத்தாள்.

“வாற மாசம் திரும்ப நேர்முகம் இருக்கு. நீங்களும் கூட வாங்கோ.”

“பெட்டியை நான் தூக்கிறன், பிள்ளை.”

“வேண்டாம். பெட்டி என்ரை கையிலை. நீங்கள் சும்மா வாங்கோ.”

“ஓம், ஓம்” என்று தலையாட்டிக்கொண்டு அவளுடைய சைக்கிளைப் பிடித்தபடி நொண்டிப் போனான். பெட்டியைக்கூடத் தொட விடாத ஒரு பயணத்துக்காக அத்தனை தூரம் வெறுங்காலோடு ஓடிய விசரனை, என் சீவியத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை.