கிள்ளான் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வாய்த்த டாக்டர்

போன வாரம் என் மடிக்கணினியின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. உங்கள் கணினி மெதுவாக ஓடுகிறது, சுத்தம் செய்யட்டுமா என்று கேட்டது. என்ன பணிவு! மூடிவிட்டு ஒரு வாய் தேநீர் குடித்தேன். மறுபடி முளைத்தது. அவ்வளவுதான், ஸ்பிரிட் வாடையும் நண்டுக் குழம்பு வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறிவிட்டன. சிரிக்காதீர்கள். குணாவை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்கும் ஏறியிருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடை மாடியில் இருந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை. கிள்ளானில் அக்கா வீட்டில் தங்கி ரயிலில் போய்வந்தேன். அத்தான் துறைமுகப் பக்கம் ஓர் அலுவலகத்தில் சூப்பர்வைசர். எங்கள் வரிசையில் கோடி வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் வாங்கிய மறுமாதம் இவரும் வாங்கினார். எதற்கு என்று கேட்டால், “இனிமே எல்லாமே கம்ப்யூட்டர்தான்லா” என்பார். அந்த ‘எல்லாமே’யில் ஒன்றைக்கூட அவர் செய்து நான் பார்த்ததில்லை.

வீட்டிலிருந்த ஒரே ஏர்கோன் கம்ப்யூட்டர் அறைக்குப் போனது. அக்காவின் கைக்குழந்தை ஹாலில் காற்றாடிக்குக் கீழே வேர்க்குருவோடு நெளியும். இயந்திரத்துக்குச் சூடு ஆகாதாம். அதற்கு ஊதா வெல்வெட்டில் ஓர் உறை. அறைக்குள் செருப்புக் கூடாது, பவுடர் பூசிக்கொண்டு போகக்கூடாது, தும்மல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. ‘எங்க வீட்ல கம்ப்யூட்டர் இருக்கு’ என்பதை ஆபீசில் எந்தப் பேச்சிலும் நுழைத்துவிடுவேன். மழையைப் பற்றிப் பேசினாலும் சரி.

இந்தச் சாமிக்குப் பூசாரிதான் குணா. அத்தானோடு வேலை பார்த்தவர். பங்சாரில் சில வாரம் ஏதோ வகுப்புக்குப் போய்வந்ததில் தன்னைக் ‘கம்ப்யூட்டர் டாக்டர்’ என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருந்தார். முகச்சவர பிரஷ், ஒரு புட்டி ஸ்பிரிட், பஞ்சு, இவைதான் அவருடைய மருத்துவம். கேரி தீவிலிருந்து அத்தான் நண்டு வாங்கிவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டருக்குத் தவறாமல் உடம்புக்கு வந்துவிடும். குழம்பு கொதிக்கும் நேரத்துக்கு டாக்டர் வாசலில் நிற்பார்.

முதலில் விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டுவார். விழுந்த தூசியைத் தாளில் ஏந்தி, “பாருங்க பாஸ், எவ்ளோ அழுக்கு” என்று அத்தானிடம் காட்டுவார். பிறகு உள்ளே சிதறிக்கிடப்பதை அடுக்கிவைக்கும் ஒரு வேலையை ஓடவிடுவார். திரையில் கலர் கலராகச் சின்னச் சதுரங்கள் நகரும். இரண்டு ஆண்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். “நகருது, நகருது” என்பார் அத்தான். வயது நாற்பதைத் தாண்டியவர்.

அக்கா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவள். கிள்ளான் டவுனில் டியூஷன் சென்டர் நடத்திய புஷ்பம் டீச்சர், சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு தமிழ்ப் பயிற்சிப் புத்தகத்தைத் தட்டச்சு செய்துதரச் சொல்லி அவளிடம் கொடுத்திருந்தார். அத்தான் வேலைக்குப் போனதும் அக்கா அந்த அறைக்குள் பாய் விரித்துக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அடிக்க உட்காருவாள். குழந்தைக்கும் வேர்க்குரு அடங்கியது. அந்த மெஷின் பிறந்த பயனை அடைந்தது அந்த மத்தியானங்களில்தான். புத்தகம் முக்கால்வாசி முடிந்திருந்தது. டிஸ்கெட்டில் ஒரு நகல் எடுத்துவைக்க அவளுக்கு ஆசை. ஆனால் டிஸ்கெட் போட்டால் வியாதி தொற்றும் என்று டாக்டர் தடை போட்டிருந்தார்.

அந்தக் காலத்தில் தமிழுக்குத் தனியாக ஓர் எழுத்துரு வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்காமல் திறந்தால் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடும் தாறுமாறாகக் கொட்டிக்கிடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஹாலில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து குணாவின் கூச்சல் கேட்டது.

“பாஸ், ஓடியாங்க! ஃபுல்லா வைரஸ்!”

அத்தான் ஓடினார். அக்கா சமையலறையில் இருந்தாள். சற்று நேரம் கழித்து அவள் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடக் கூப்பிடப் போனபோது சதுரங்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

“ஒன்னும் பயப்படாதீங்க சிஸ்டர்,” என்றார் குணா. “கண்டபடி எழுத்தா ரொம்பிக் கெடந்துச்சு. ஒன்னு விடாம அழிச்சிட்டேன். இனிமே ஸ்மூத்தா ஓடும்.”

அக்கா திரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“அது வைரஸ் இல்லீங்க. தமிழ்.”

 மன்னிப்புக் கேட்பார் என்று நினைக்கிறீர்களா? “ஃபைலுக்கு ஒழுங்கா பேர் வைக்கணும் சிஸ்டர்” என்றார் டாக்டர். அத்தான் அதற்கும் மேலே போனார். “இதுக்குத்தான் அதத் தொடாதேன்னு சொன்னேன்.” கட்டிய மனைவியின் மாதக்கணக்கான உழைப்பு போய்விட்டது. அந்த மனிதரின் கண்ணோ இன்னும் சதுரங்களை விட்டு நகரவில்லை.

அக்கா சமையலறைக்குப் போய் நண்டுச் சட்டியை மூடி, இரண்டு பக்கமும் துணி வைத்துப் பிடித்து, முன்வாசல் வழியாக எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். ஆண்கள் இருவரும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்கள். 

மறுநாளே புஷ்பம் டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். “எங்க கம்ப்யூட்டர்ல வந்து அடிம்மா, பிள்ளையையும் தூக்கிட்டு வா” என்றார் டீச்சர். அத்தானுக்குப் பொறுக்கவில்லை. “வீட்ல ஒன்னு இருக்கறப்ப வெளிய போய் அடிக்கணுமா?”

“இது சுத்தமாவே இருக்கட்டுங்க,” என்றாள் அக்கா.

முதல் எழுத்திலிருந்து மறுபடி அடித்தாள். பள்ளி திறப்பதற்குள் புத்தகம் வந்துவிட்டது. அங்கேயே அவளுக்கு வேலையும் நிலைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குணாவுக்கு டின் சார்டின் மீனும் ரொட்டியும் வைத்தாள். சீக்கிரமே கம்ப்யூட்டருக்கு வியாதி வருவது நின்றுபோயிற்று. அத்தான் வெல்வெட்டை விலக்கி, அதில் தன்னந்தனியாகச் சீட்டாடினார். வெண்ணெயாக ஓடியது, பாவம். உள்ளேதான் ஒன்றுமே இல்லையே.

இப்போது அத்தான் இல்லை. குணா எங்கே என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தேடத் தோன்றியதும் இல்லை. கம்ப்யூட்டரைப் பழைய இரும்பு லோரிக்காரன் தூக்கிக்கொண்டு போனான். அந்த வரிசை வீடுகளை இடித்துச் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். புஷ்பம் டீச்சர் காலமானபின் சென்டரை மூடினார்கள். சென்டர் இருந்த இடத்தில் இன்று யாரோ கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள்.

நேற்று அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அந்தப் புத்தகம் ஒன்றாவது வைத்திருக்கிறாயா என்று கேட்டேன்.

“ஏது? ஒன்னும் இல்ல,” என்றாள். “கோடிட்ட எடமெல்லாம் பிள்ளைங்க எழுதி எழுதி, கிழிச்சுத் தீத்துட்டாங்க.”