லாரிக்காரர் மனைவி கடல் பார்க்கப் போனது

லாரிக்காரரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து மாதத்தில் நாலு நாள்தான் அவள் புருஷனோடு வாழ்ந்தாள். "எனக்குக் கல்யாணம் லாரியோட, நீ சாட்சிக் கையெழுத்து" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மற்ற நாட்களில் சலவைக் கடையில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். குறுக்கே பேச ஆளில்லாத அந்த வாழ்க்கை அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவள் வேலையை விட்டாள். குளிப்பாட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நாத்தனார் தன் பழைய காரைக் கொடுக்க, ஐம்பத்திரண்டு வயதில் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், பக்கத்து சீட்டிலிருந்து வகுப்பு ஆரம்பமாகிவிடும்.

முப்பது வருஷம் சரக்கு ஏற்றிப்போன கடலோரச் சாலையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிறு காலை கிளம்பினார்கள்.

ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கீழே கடல். ஊர் இல்லை, கடை இல்லை, எதிரே வண்டியும் அதிகமில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சாலையின் வெள்ளைக் கோடுதான். கிளட்சில் காலை வைக்காதே, வளைவில் பிரேக் போடாதே என்று அவர் நிறுத்தவேயில்லை. குறுகலான ஓர் இடத்தில் பேருந்து எதிர்ப்பட்டது. அவள் காரை அறுபது அடி பின்னோக்கி எடுக்க வேண்டியிருந்தது. அவர் கத்திய கத்தலில் பேருந்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பேருந்து போனதும் அவள் ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"எங்க போற?"

"கொஞ்சம் நடந்துட்டு வரேன்."

ஒற்றையடிப் பாதையில் இறங்கி, தண்ணீர் தெறிக்கும் பாறையில் உட்கார்ந்தாள். மேலே ஹாரன் அடித்தது. இடது கையை எட்டிப் போட்டு அடிக்கிறார் என்று புரிந்தது. அவள் திரும்பவில்லை. விட்டு விட்டுக் கால் மணி நேரம் அடித்தது. பிறகு நின்றது.

அது நின்ற பிறகுதான் அவள் எழுந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஓடினாள்.

கார்க் கதவு திறந்திருந்தது. இடது கால் தரையில் கிடக்க, அவர் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டினாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"போயிட்டியோன்னு நெனச்சேன்" என்றார்.

"நானும்தாங்க நெனச்சேன்."

கடல் எப்படி இருந்தது என்று அவர் கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். ஹாரனை எண்ணிக்கொண்டிருந்ததைத் தவிர ஒன்றும் நினைவில்லை.

"பாக்கலைங்க."

அந்தச் சாலையில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. இன்னும் நாற்பது கிலோமீட்டர் போயாக வேண்டும். முதல் கியரைப் போட்டாள்.

அவர் இன்னும் நாலு வருஷம் இருந்தார். அந்த ஞாயிறுக்குப் பிறகு, அவள் ஓட்டும்போது அவருடைய வாய்ப்பேச்சு குறைந்தது; கவனிப்பு குறையவில்லை. அவள் கியர் மாற்றும்போதெல்லாம் அவருடைய இடது கால் மட்டும், அங்கே இல்லாத கிளட்சைத் தானாக அழுத்திக்கொண்டிருக்கும்.