ரூம் காலி செய்யப்பட்டது

போன சனிக்கிழமை திருச்சியில் பெரிய லைவ் கச்சேரி. சென்னையிலிருந்து நண்பன் ரமேஷ் குடும்பத்தோடு வந்திருந்தான். ஊரில் ஒரு ரூம்கூட இல்லை. கடைசியில் தில்லை நகர் பக்கம் ஒரு சின்ன லாட்ஜில் கிடைத்தது. மூன்று மடங்கு வாடகை! நான்தான் போனிலேயே புக் செய்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

மதியம் போனோம். ரிசப்ஷனில் ஒரு பெண், இரண்டு பைகளோடு நின்றிருந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் கணவர். கழுத்தில் மையால் போட்ட கோடுகள்.

"இப்பத்தான் இவங்க காலி பண்ணாங்க. ரூம் ரெடி சார்" என்றார் மேனேஜர்.

அந்தப் பெண்ணிடம் விசாரித்தேன். பெயர் செல்வி.

"முசிறி பக்கங்க. இவருக்குத் தொண்டையில கேன்சர். ரேடியேஷன் கரண்டு வைக்கிறாங்க. சனி ஞாயிறு ஆஸ்பத்திரி லீவுதானே, ஊருக்குப் போயிட்டுத் திங்கக்கிழமை வாங்கன்னு லாட்ஜுல சொல்லிட்டாங்க. இவரால பஸ்ல உக்கார முடியாதுங்க..."

மேனேஜர் தலை குனிந்தார். "ஓனர் சொல்லிட்டாரு சார். எங்களுக்கும் எப்பவோ ஒருநாள்தான் இப்படிக் கூட்டம் வருது."

ரூமை அவர்களுக்கே விட்டுவிடலாமா என்று ரமேஷிடம் கேட்டேன். அவன் மனைவியைப் பார்த்தான். அவர் குழந்தைகளைப் பார்த்தார்.

என் வீடு ஸ்ரீரங்கத்தில்தான் இருக்கிறது. 'வீட்டுக்கு வாங்க' என்று இரண்டு குடும்பத்தில் ஒன்றிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னேனா? இல்லை. கச்சேரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. செல்விக்கும் கணவருக்கும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். செல்வியின் நம்பரை வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் என் தாராளம்.

கச்சேரியில் நானும் கத்திப் பாடினேன்.

மறுநாள் ஊரே அதே பேச்சு — லாட்ஜ், ஆட்டோ, டீக்கடை, எல்லோருக்கும் நல்ல வியாபாரம். பொய்யில்லை. ஆனால் வெளியூர்ப் பணம் வந்து உட்கார வேண்டுமென்றால், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் யாரோ எழுந்திருக்க வேண்டியிருக்கிறதே... எழுந்திருக்கத் தெம்பில்லாதவரைத்தானே முதலில் எழுப்புகிறோம்?

செவ்வாய்க்கிழமை செல்விக்குப் போன் செய்தேன்.

"நாங்க வரலீங்க. அன்னைக்குப் பஸ்லயே மயங்கிட்டாரு. இன்னும் பன்னெண்டு தடவை கரண்டு வைக்கணும். செத்தாலும் வீட்டுலயே சாவுறேங்கிறாரு."

"எங்க வீட்டுலயே தங்கிக்கலாம், கார் அனுப்புறேன்" என்றேன். மூன்று நாள் தாமதமாக.

"நீங்களே சொல்லிப் பாருங்க" என்று போனைக் கணவரிடம் கொடுத்தார்.

அவர் கரகரவென்று, கேலி துளியும் இல்லாமல் கேட்டார்:

"கச்சேரி நல்லா இருந்துச்சுங்களா?"

நல்லா இருந்துச்சு என்றேன். அவர் இன்னும் வரவில்லை.