குரங்குக்கு வாய்க்கரிசி

ஜேடர்பாளையத்து நாச்சிமுத்துக் கவுண்டருக்கு என்ன குறை என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று சொல்ல வராது. ஆற்றுப் பாசனத்தில் கரும்பு, வாய்க்கால் ஓரம் வெற்றிலைக் கொடிக்கால், வாய்க்கு ருசியாக ஆக்கிப் போட மனைவி பாப்பாயி. இருந்தும் மனுஷனுக்கு ஒருநாளும் வயிறு குளிர்ந்ததில்லை. பெரியப்பா மகன் மருதாசலம் அதே தெருவில் குடியிருந்தார். அதுதான் குறை.

மருதாசலம் இவரைவிட ஒரே ஒரு மாதம் மூத்தவர். அந்த ஒரு மாதத்துக்காக ஆயுள் முழுக்க ‘அண்ணா’ என்று கூப்பிட வேண்டியிருந்தது. கோயிலில் முதல் திருநீறு அண்ணனுக்கு. வாய்க்கால் தகராறில் ஊர் கேட்பது அண்ணன் பேச்சை. மருதாசலம் ஒரு மாடு வாங்கினால் இவருக்குத் தூக்கம் போய்விடும். அந்த மாடு உதைக்கிறது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும். பொறாமை ஒன்றை எடுத்துவிட்டால் நல்ல மனுஷர்தான். எடுத்துவிட்டால் ஆளில் என்ன மிஞ்சும் என்பது வேறு விஷயம்.

1936-ம் வருஷம் சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வந்து அணைக்கட்டுப் பங்களாவில் தங்கினார். ஆற்றங்கரை மருதமரங்களில் இருக்கும் குரங்குகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, கொஞ்சம் இரத்தம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார். ஊர்க்காரர்களிடமும் இரத்தம் கேட்பார். மனுஷ இரத்தமும் குரங்கு இரத்தமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி.

“கொரங்குதான் மனுசனாச்சுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“அப்படியில்லை. ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டன். அவங்க ஒரு கிளை, நாம ஒரு கிளை. பங்காளிங்கன்னு வச்சுக்குங்களேன். இரத்தம் நெருக்கமா இருக்கறதால அதுங்களுக்கு வர்ற நோய் சிலது நமக்கும் லேசா ஒட்டிக்கும்,” என்றார் டாக்டர்.

பங்காளி என்று கேட்டதும் நாச்சிமுத்துவுக்குக் குரங்குகள் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது.

போகட்டும், கூண்டு வைக்கவும் ஊராரைக் கூட்டி வரவும் டாக்டர் யாரைத் துணைக்கு எடுத்துக்கொண்டார்? மருதாசலத்தைத்தான். டாக்டரின் மோட்டார் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து மருதாசலம் கடைத்தெருவைக் கடந்து போனபோது, கரும்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நாச்சிமுத்து ஓரமாக ஒதுங்கி நின்றார். புழுதி அடங்கியது. அவர் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கிழட்டுக் குரங்கு மரத்திலிருந்து விழுந்து செத்தது. எச்சில் ஒழுகி, தண்ணீரைக் கண்டால் மிரண்டு, விறைத்துக்கொண்டு செத்தது. குரங்கு செத்தால் அதை அனுமாராகவே பாவித்து, பாடை கட்டி, மேளம் அடித்து அடக்கம் செய்வது ஊர் வழக்கம். முன்னால் நின்று செய்கிறவர் தலையை மழித்துக்கொள்வார். அவருக்கு ஊரில் தனி மதிப்பு.

மருதாசலம் வந்து குறுக்கே நின்றார். “யாரும் தொட வேண்டாமுங்க. என்ன நோவுன்னு டாக்டர் பாத்துச் சொல்லட்டும்.”

ஊர் முணுமுணுத்தது. அனுமாரை அறுத்துப் பார்ப்பதா என்று கிழவர்கள் முகம் சுளித்தார்கள். அண்ணன் பேச்சு எடுபடாமல் போன அந்த ஒரு நொடியை நாச்சிமுத்து விடவில்லை.

“நான் செய்யறனுங்க,” என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

அன்றைக்கு அவர்தான் ராஜா. மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினார். மற்றவர்கள் எட்ட நின்று அரிசியைத் தூவினார்கள். இவர் மட்டும் எல்லோரும் பார்க்கட்டும் என்று குரங்கின் தாடையைப் பிரித்து, எச்சிலைக் கையால் வழித்துவிட்டு, வாய்க்கரிசி போட்டார். முதல்நாள் கரும்புச் சோகை கிழித்த கை அது. மருதாசலம் கிட்டேயே வராமல் பாதையோரம் நின்றார். ஊர்வலம் அவரைத் தாண்டிப் போனபோது நாச்சிமுத்துவின் வயிறு வாழ்க்கையில் முதல்முறையாகக் குளிர்ந்தது.

மறுவாரம் இன்னொரு குரங்கு அதே மாதிரி செத்தது. இந்த முறை டாக்டர் அதைக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். வெறிநோய். வெறிநாய் ஒன்று மரத்தடியில் குரங்குகளைக் கடித்திருக்கிறது. முதல் குரங்கின் எச்சிலைத் தொட்டவர்கள் சேலம் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நோய் கண்டுவிட்டால் அப்புறம் மருந்தே கிடையாது என்றார். அதை நாச்சிமுத்து வீட்டில் வந்து சொன்னவர் மருதாசலம்.

அதனாலேயே நாச்சிமுத்து மாட்டேன் என்றார்.

“சாமி காரியம் செஞ்சவனுக்குச் சாவு வருமா? அவம் பேச்சக் கேட்டு நான் வகுத்தக் காட்டோணுமா? ஊரு சிரிக்காது?”

“ஏனுங்க, கைல காயம் இருந்துதுங்களே,” என்று பாப்பாயி காலைப் பிடித்து அழுதாள். டாக்டரே வந்து சொல்லிப் பார்த்தார். ம்ஹூம். செத்தாலும் சாவேன், அண்ணன் சொன்னது சரி என்று ஆகிவிடக் கூடாது. இதுதான் மனுஷரின் கணக்கு.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மருதாசலம் வீட்டு வாசலில் மோட்டார் நின்றது. வெள்ளைச் சட்டையும் கையில் துணி மூட்டையுமாக மருதாசலம் ஏறிக்கொண்டிருந்தார். கூண்டு வைத்தபோது தன்னையும் குரங்கு பிறாண்டிவிட்டதாம். சேலத்தில் தங்கி ஊசி போட்டுக்கொள்ளப் போகிறாராம். டாக்டரே கூட்டிப் போகிறாராம்.

நாச்சிமுத்து தன் வாசலில் நின்று பார்த்தார். வாய்க்கரிசி போட்டது யார்? தலையை மழித்தது யார்? சேலத்துக்குக் காரில் போய், டாக்டர் கவனிக்க, கட்டிலில் படுத்து வைத்தியம் பார்த்துக்கொள்வது அண்ணனா? நெஞ்சு பற்றி எரிந்தது. விடுவிடுவென்று போய்க் கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

“நானும் வாரேன்,” என்றார். கார் கிளம்பியது.

சேலத்தில் இருவருக்கும் தொப்புளைச் சுற்றித் தினமும் ஊசி. வயிறு வீங்கிக் கல்லாகிவிட்டது. அதிலும் நாச்சிமுத்துவுக்கு நிம்மதி இல்லை. அண்ணன் முனகினால் இவர் பல்லைக் கடித்துக்கொள்வார். அண்ணன் முனகாவிட்டால் அவருக்குச் சின்ன ஊசியாகப் போடுகிறார்களோ என்று எட்டிப் பார்ப்பார்.

பாதி ஊசி முடிந்திருந்தபோது மருதாசலத்தின் மனைவி கண்ணாத்தாள் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். கணவரின் வயிற்றைப் பார்த்துவிட்டு நாச்சிமுத்து பக்கம் திரும்பினாள். கண்ணில் நீரும் கோபமும்.

“நல்லாருங்க கொழுந்தனாரே. அந்த மனுசனக் கொரங்கும் பிறாண்டல, ஒண்ணும் பிறாண்டல. ‘நான் போனா அவன் தானா வருவான்’னு டாக்டர்கிட்டப் பொய் சொல்லிட்டு வந்து படுத்துக் கெடக்கறாரு.”

நாச்சிமுத்துவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இதிலும் ஒருபடி மேலே போய்விட்டானே என்று எரிந்தது. தனக்கு இப்படிச் செய்யத் தோன்றியிருக்குமா என்று அடுத்தாற்போல் நினைத்தார். தோன்றியிருக்காது. எழுந்து பக்கத்துக் கட்டிலுக்குப் போனார்.

“உனக்கு ஒண்ணுமில்லீன்னு தெரிஞ்சு போச்சு. நீ ஊட்டுக்குப் போண்ணா. மிச்சத்த நான் போட்டுக்கறேன்.”

மருதாசலம் கண்ணைத் திறக்கவில்லை. “நான் நிறுத்துனா நீயும் நிறுத்திருவே,” என்றார்.

நாச்சிமுத்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அது உண்மை என்று அவருக்கும் தெரிந்திருந்தது.